நைட்டிக்கு மேல் கட்டிய குழந்தை

சுனாமி வந்து போய் நாலைந்து வருஷம் இருக்கும். கடலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான் நர்ஸ். வட்டாரத்து ஆஸ்பத்திரிகள் சில கைகோத்து, ஓரிடத்தில் நன்றாக நடக்கிற வேலையை மற்ற இடத்துக்காரர்கள் நேரில் போய்ப் பார்த்துவர ஏற்பாடு செய்திருந்தன. எனக்கு விழுந்தது சிதம்பரம். எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி, அவள் உடம்புச் சூட்டிலேயே தேற்றுகிற முறை. இதற்கு ஒரு பஸ் பயணமா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். பதினைந்து வருஷ சர்வீஸ். மண்டைக்கனம் இல்லாமல் இருக்குமா?

சொல்லிக்கொடுத்த சிஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவள். எல்லாம் தெரியும் என்கிற மாதிரி தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

மறுவாரமே அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரித் தோப்பில் வேலை செய்கிற பெண்ணுக்கு மாதம் நிறையாமல் பெண் குழந்தை பிறந்தது. பால் குடித்தது. ஆனால் நான் கட்டிவைத்தும் இரண்டு நாளாகக் கால் சில்லென்றே இருந்தது. எடையும் இறங்கியது. "நாளைக்கும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்" என்றார் டாக்டர். அந்தச் சின்ன உடம்பு பயணத்தைத் தாங்குமா? கௌரவத்தை ஒதுக்கிவைத்து அந்தச் சிதம்பரத்து சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"குழந்தைக்கு என்னக்கா போட்டிருக்கீங்க?"

"சட்டை, ஸ்வெட்டர், குல்லா."

"அம்மாவுக்கு?"

"நைட்டி. அதுக்கு மேலதான் கட்டியிருக்கேன்."

"தோலும் தோலும் ஒட்டணும்க்கா. நீங்க துணியோட துணியை ஒட்டவச்சிருக்கீங்க."

எனக்குத் தெரியாததல்ல. முதல் நாளே அந்தப் பெண் நைட்டியின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு, "மாமா, மச்சான்னு ஆம்பளைங்க வந்து போறாங்க, எப்புடி சிஸ்டர் தொறந்துக்கினு இருக்கறது?" என்று கேட்டாள். நியாயம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அந்த நியாயம் குழந்தையைக் கொல்லப் பார்த்தது.

வார்டில் இருந்த பெண்களிடம் ஆளுக்கொரு புடவை கேட்டு வாங்கினேன். ஜன்னல் கம்பியிலிருந்து கட்டிலைச் சுற்றி இழுத்துக் கட்டி, ஒரு அறை மாதிரி ஆக்கினேன். உள்ளே அவள் ஜிப்பைத் திறந்தாள். குழந்தையின் சட்டை, ஸ்வெட்டரைக் கழற்றி, குல்லாவை மட்டும் விட்டு, மார்போடு சேர்த்துக் கட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு சிதம்பரத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவள் ஹலோ சொல்வதற்குள், "கால் சூடா இருக்குடி" என்று அழுதுவிட்டேன். அனுப்ப வேண்டாம் என்றார் டாக்டர்.

அடுத்த மாதம் எங்கள் வார்டைப் பார்க்க வந்த அந்தச் சிதம்பரத்து சிஸ்டர், புடவைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எங்க வார்டுலயும் கூச்சப்பட்டுப் பாதியிலயே கட்டைப் பிரிச்சிடறாங்க. நீங்க வந்து இதைக் கட்டிக் காட்டணும்க்கா."

மறுபடி சிதம்பரம் பஸ் ஏறினேன், முணுமுணுக்காமல். மடியில் இருந்த பையில் என் பழைய புடவைகள் நாலு இருந்தன.