மேலே ஏறுறவர் தண்ணி குடிக்க மாட்டார்

என் வீட்டுக்காரர் கிரேன் ஆபரேட்டர். இருபது மாடி உசரத்துல ஒரு கண்ணாடிக் கூண்டு, அதுக்குள்ள அவர். சைட்ல எல்லாரும் "கழுகு"ன்னுதான் கூப்பிடுவாங்க. வீட்டுல பல்லியைப் பார்த்தா அலறுற கழுகு, அது வேற விஷயம்.

ஏணியில ஏறிட்டா மதியம் வரைக்கும் இறங்க மாட்டார். அதனால காலையில ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கிறதில்லை. "குடிச்சா இறங்கணும், இறங்கினா கீழ அத்தனை பேர் வேலையும் நிக்கும்"பார். ஒண்ணுக்கு சொட்டுச் சொட்டா வர ஆரம்பிச்சப்பவும், "ஒண்ணுமில்ல, சூடு"ன்னு அதே பாட்டு. நானும் தலைகீழா நின்னு பார்த்தேன், டாக்டர்கிட்ட வரலை.

போன வாரம் மேல இருக்கும்போதே சுத்தமா அடைச்சுக்கிச்சு. கல்லாட்டம் வீங்கின வயித்தோட ஏணியைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கினவர், தரையைத் தொட்டதும் சுருண்டுட்டார். ஆஸ்பத்திரியில குழாய் போட்டப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது. எனக்கு வரலை.

டாக்டரம்மா எங்களை உட்கார வெச்சுப் பேசினாங்க. செலவு கம்பெனியோடதுன்னு சூப்பர்வைசரும் பக்கத்துல உட்கார்ந்திருந்தார்.

"புராஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை நெரிக்குது. உள்ள கருவியை விட்டு மின்சாரக் கம்பியால சுரண்டி எடுக்கலாம். ரொம்ப காலமா செய்யறது, நல்லா பலன் தரும், கொஞ்சம் ரத்தம் போகும். லேசர்னா ரத்தம் குறைவு, ஆனா அந்த மெஷின் இங்க இல்ல, வேற ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னும் பெருசா இருந்தா வயித்தைத் திறக்க வேண்டியிருக்கும், உங்களுக்கு அது தேவையில்ல."

"அப்புறம் டாக்டர்... அந்த... வீட்டு விஷயம்..." இவர் நெளிஞ்சார். சூப்பர்வைசர் ஃபேனைப் பார்த்தார்.

"பொதுவா அதெல்லாம் போயிடாது. விந்து வெளிய வராம உள்பக்கமா போகலாம், சுரண்டினாலும் சரி, லேசர்னாலும் சரி. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்லை டாக்டர்."

ரெண்டு வருஷம் முன்னாடி இவர் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க. சைட்ல சொந்தக்காரர் கல்யாணத்துக்கு லீவுன்னு சொல்லிட்டார். இதய நோயாளியைக் கூண்டுல ஏத்த மாட்டாங்களே! அன்னையிலேர்ந்து ரத்தம் உறையாம இருக்குற அந்த மாத்திரை, சத்து மாத்திரை டப்பாவுக்குள்ள இருக்கு. முந்தின ராத்திரிகூட நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மேஜைக்கு அடியில என் கையை இறுக்கிப் பிடிச்சார். எலும்பு நொறுங்குற மாதிரி வலிச்சது. சூப்பர்வைசர் இல்லாதப்ப டாக்டரம்மாகிட்ட தனியா சொல்லிக்கலாம்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தேன்.

"அப்ப சுரண்டியே எடுத்துடலாம். நாளைக்குக் காலையில முதல் ஆள் நீங்கதான்"னு டாக்டரம்மா எழுந்தாங்க.

நாளைக்கா! "அம்மா, பொய்! அவருக்கு ஸ்டென்ட் இருக்கு, தினமும் மாத்திரை போடறார்!" கத்திட்டேன்.

டாக்டரம்மா அப்படியே திரும்ப உட்கார்ந்தாங்க. "ஏங்க, விளையாட்டா இது? மாத்திரையோட சுரண்டியிருந்தா ரத்தத்தை நிறுத்தப் பட்டபாடு பட்டிருப்போம். பயந்துபோய் நீங்களா நிறுத்தியிருந்தா நெஞ்சு அடைச்சிருக்கும்." இதய டாக்டரைக் கேட்டுட்டு, லேசருக்கே அனுப்பறதா சொன்னாங்க. சூப்பர்வைசர் எழுந்தார். வெளியே போய் கம்பெனிக்குப் போன் போட்டார்.

இவர் அதுக்கப்புறம் என்கிட்ட பேசலை. புது ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயும் சரி, ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கிட்டுப் போனப்பவும் சரி, முகத்தைத் திருப்பிக்கிட்டார். இதே கோபத்தோட போய்ச் சேர்ந்துட்டா நான் என்ன பண்ணுவேன்னு வராந்தாவுல குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

வெளிய வந்தப்ப குழாய்ப் பையில செவப்பா இருந்தது. இப்படித்தான் இருக்கும்னு நர்ஸ் சொன்னாங்க. சொன்னா ஆச்சா? கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே இருந்தேன். மறுநாள்தான் வெளுத்தது.

"இனிமே நிறைய தண்ணி குடிக்கணும்"னு நர்ஸ் டம்ளரை வெச்சுட்டுப் போனாங்க. நான் நீட்டினேன். வாங்கி, ஒரே மூச்சுல குடிச்சார்.

"இன்னும் ஊத்து"ன்னார். அத்தனை நாள் கழிச்சு முதல் பேச்சு.

"மெதுவா குடிங்க."

"ஊத்துடி. இனிமே என்னைக் கூண்டுல ஏத்தப் போறதில்ல, இறங்கணுமேங்கிற கவலை எதுக்கு?"

ஊத்தினேன். பாதி போர்வையில கொட்டிடுச்சு. அவர் திட்டலை.