மஞ்சள் சிவந்த பாவாடை

கடலூரில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, யூகேஜி படிக்கும் என் மகள் மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீரைத் தொட்டுப் பூ வரைந்தாள். பள்ளியில் செய்து வரச் சொல்லியிருந்தார்கள். கண்ணில் பட்டுவிடுமோ என்று நான் துணியோடு பக்கத்திலேயே இருந்தேன். கோடுகள் ரத்தமாய்ச் சிவந்தன. மஞ்சளும் சோப்பும் கலந்த அந்த வாடை என்னைச் சிதம்பரத்துக்கு இழுத்துப் போனது.

அப்போது நான் ஏழாவது. திருவிழாவில் மாமன் பிள்ளைகள் மஞ்சத்தண்ணி ஊற்றியதில் பாவாடையின் பின்பக்கம் கறையாகிவிட்டது. அடி விழுமென்று பயந்து, நானே சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சிவந்துபோன துணியை அத்தை பார்த்துவிட்டாள்.

“அண்ணி, உம் பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா!”

“மஞ்சத்தண்ணி அத்த அது!”

“வெக்கத்தப் பாரு கழுதைக்கு.”

ஓலைத் தடுப்புக்குள் என்னை உட்காரவைத்தார்கள். மாலையில் அம்மா அந்தப் பாவாடையை அலசினாள். நல்ல தண்ணீரில் கறை மறுபடி மஞ்சளானது. அம்மா பதறிப்போய் அப்பாவிடம் சொன்னாள்.

“மாமன் வூட்டுக்குச் சொல்லி அனுப்பியாச்சு. இப்ப போயி இல்லன்னா ஊரே சிரிக்கும். வாய மூடு,” என்றார் அப்பா.

சடங்கு நடந்தது. வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் உண்மையிலேயே வயதுக்கு வந்தது அடுத்த வருஷம். அம்மா யாரிடமும் மூச்சுவிடவில்லை.

“ஏம்மா செவப்பாவுது?” மகள் கேட்டாள்.

அதைச் சொல்லித்தரும் வகுப்புவரை என்னைப் படிக்க விடவில்லை.

“மிஸ்ஸக் கேளு,” என்றேன்.