சார்ஜரில் கிடந்த பேட்டரி

இன்று லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு பெண்ணுக்குப் பள்ளித் தோழிகள் வைத்த பெயர் றெக்கை. தரையில் ஓடும் எதையும் அந்த வயதில் அவள் மதித்ததில்லை. ரோபோ போட்டியில் ஏழடி உயரக் கூடைக்குள் பந்துகளைப் போட வேண்டும் என்றதுமே, "பறக்கிற ரோபோதான்! மத்ததெல்லாம் பொம்மை வண்டி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அணித்தலைவி ஆயிற்றே, யார் மறுப்பது?

ஒருத்தி மறுத்தாள். கேள்வி கேட்டே குடைவதால் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர்.

"ஆட்டம் ரெண்டரை நிமிஷம். அவ்வளவு நேரம் பறக்குமா? சுத்தற விசிறிக்குக் கூண்டு போடணும்னு விதி வேற இருக்கு. எடை தாங்குமா?"

"திருகாணி வரைக்கும் எடை போட்டாச்சு. வாயை மூடுடி."

போட்டது உண்மைதான். தினமும் சாயங்காலம் றெக்கையே தராசில் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவாள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் முதன்முறையாகப் பந்தோடு பறக்கவிட்டார்கள். இடுப்பு உயரம் ஏறியது. நாற்பது வினாடியில் தொப்பென்று விழுந்து கூண்டு நசுங்கியது. பந்து இல்லாமல் மட்டும் ஜோராகப் பறந்தது. பந்து போடும் போட்டியில் அது எதற்கு?

"எடை பார்த்தது யாரு? அவங்க போட்டியில நிக்க வேண்டாம்" என்றார் டீச்சர்.

மூலையில் காலியாக இருந்த சார்ஜரைப் பார்த்ததும்தான் றெக்கைக்கு உறைத்தது. எடை போடும் வேளையிலெல்லாம் பேட்டரி அதில்தான் கிடந்தது. இருப்பதிலேயே கனமான சாமானை விட்டுவிட்டு அவள் திருகாணியை எண்ணியிருக்கிறாள்.

"நான்தான் டீச்சர்," என்றாள் குடைச்சல். "பேட்டரியைக் கழட்டிச் சார்ஜ்ல போட்டுட்டு, இவகிட்ட சொல்லல."

பச்சைப் பொய். றெக்கை வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் அவளுக்கு ஆறவில்லை.

அன்று மாலையே விசிறிகளைக் கழற்றி எறிந்தாள். நாலு சக்கர வண்டியின் மேல், கயிறு இழுத்தால் ஒன்றுக்குள்ளிருந்து ஒன்றாக நீளும் மூன்றடுக்குக் கம்பத்தை நிறுத்தினாள். பேட்டரியோடு எடை போட்டாள். அந்தப் பொம்மை வண்டி ஒன்பது பந்துகளைப் போட்டு இரண்டாம் பரிசு வாங்கியது. குடைச்சல் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாள்.

பதினோரு வருடம் கழித்து, ஒரு மருத்துவமனை லிஃப்டுக்கு இரும்புக் கயிறு மாற்றிவிட்டு, றெக்கை குடைச்சலைப் போனில் கூப்பிட்டு அதைச் சொன்னாள்.

"அன்னிக்கு ஏன்டி பழியை உன் தலையில போட்டுக்கிட்ட?"

"நீ போனா ரோபோவே இருக்காது. நான் போனா கேள்வி மட்டும்தான் குறையும்."

"அந்தக் கேள்வியாலதான்டி இன்னிக்கு எனக்குச் சோறு. இத்தனை நாள் சொல்லாம இருந்துட்டேன். ரொம்ப நன்றிடி."

"அது கிடக்கட்டும். கயிறு மாத்தினியே, முழு எடை ஏத்திப் பார்த்தியா?"

"பார்த்தேன்டி," என்றாள் றெக்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு தடவை."