என் கழுத்தில் ஒரு கட்டி

சளியும் தடிமனும் மாறிய கையோடு, என் கழுத்தில் பயறளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. உடனே கைபேசியில் தேடினேன். 'பெரும்பாலும் பயமில்லை' என்று போட்டிருந்ததையெல்லாம் தாண்டிப் போய், புற்றுநோயில்தான் நின்றேன்.

இங்கே ஜேர்மனியில், டுசல்டோர்ஃபில், டொக்டரைப் பார்க்க நேரம் குறித்து டெர்மின் கிடைக்கச் சில கிழமைகள் ஆகின. அதுவரை கட்டி வளர்கிறதா என்று அழுத்திப் பார்த்தபடியே இருந்தேன், டிராமிலும் அடுப்படியிலும்கூட. அது வளர்ந்தது. நோகவும் தொடங்கியது.

டொக்டர் ஸ்கேன் செய்து பார்த்தார். தடிமனுக்கு வீங்கிய சாதாரண நெறிக்கட்டிதானாம். நான் ஓயாமல் அழுத்தியதில்தான் வற்றாமல் நிற்கிறதாம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"முதல்ல பிள்ளையைப் போய்ப் பாரும்," என்றார்.

ஆறு வயது மகள் கண்ணாடி முன்னால் நின்று, தன் கழுத்தை விரல்களால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யிறாய்?"

"எனக்கும் வளருதோ எண்டு பாக்கிறன்."

கட்டி வற்றிவிட்டது. இப்போது உடம்புக்கு ஏதுமென்றால் கைபேசியைத் தொடுவதில்லை, டொக்டரிடமே கேட்கிறேன். ஆனாலும் கை தன்பாட்டில் கழுத்துக்குப் போகிறது. பாதியில் இறக்கிவிட்டு, மகளின் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன்.