இரண்டு விசில்

ஓட்டுநருக்கு இடது முழங்கால் மூட்டை மாற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நகரப் பேருந்தின் கிளட்சை மிதித்து மிதித்தே தேய்ந்துபோன கால் அது. பகலில் புது மூட்டு சொன்ன பேச்சைக் கேட்டது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு சமையலறை வரை போய், வெங்காயம் கருகுகிறது என்று குறை சொல்லிவிட்டு வருமளவுக்கு மனிதர் தேறிவிட்டார். வில்லங்கமெல்லாம் ராத்திரியில்தான். கண் அசந்தால் போதும், கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். கால் தன்பாட்டுக்கு ஓர் உதை விடும்.

முதல் உதையை வாங்கியது பக்கத்தில் படுத்திருந்த மனைவி. அவர்தான் அதே பேருந்தின் நடத்துநர்; பயணிகள் எல்லோருக்கும் 'விசிலக்கா'. ஏதோ கனவு என்று மழுப்பிய ஓட்டுநர், மறுநாளே காற்று வரவில்லை என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். காற்றாவது ஒன்றாவது, எல்லாம் பயம். இப்படித் துள்ளுகிற காலை நம்பி யார் வண்டியைக் கொடுப்பார்கள்? டாக்டர் காதுக்குப் போனால் ஸ்டியரிங்குக்கு முழுக்குத்தான். மனிதர் மூச்சு விடவில்லை.

விசிலக்கா வேறு கணக்குப் போட்டார். தற்காலிகமாக வந்திருக்கும் பையன் பூப்போல வண்டியை எடுக்கிறான் என்று சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லித் தொலைத்திருந்தார். அதற்குத்தான் இந்த முறுக்கு என்று நினைத்து, அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டு பேர் தலையிலும் ஆளுக்கொரு குட்டு வைத்திருக்கலாம்.

ஒருநாள் கடைசி டிரிப் முடிந்து, கழுத்தில் விசிலோடு விசிலக்கா கதவைத் திறந்தால், சோபாவில் ஓட்டுநர் வேர்த்து விறுவிறுத்துத் துடித்துக்கொண்டிருக்கிறார். இடது கால் விறைத்து, கிளட்சை முழுசாக மிதித்த மாதிரி பாதம் கீழ்நோக்கி நீண்டு நிற்கிறது. விசிலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். ஒன்று ஊதினால் நிறுத்தணும், இரண்டு ஊதினால் கிளம்பணும்.

பழக்கதோஷம், கால் மெல்லக் கிளட்சை விட்டது. பாதம் மேலே எழுந்தது, விரல்கள் அவர் பக்கம் மடங்கின, பிடிப்பு இளகிப் போயே போய்விட்டது. மாடிவீட்டில் விளக்கு எரிந்தது.

"இதையா எங்கிட்ட மறைச்சீங்க?"

"வண்டியப் புடுங்கிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?" என்றவருக்குக் குரல் உடைந்தது.

"நீங்க ஓட்டாத வண்டில எனக்கு மட்டும் நிக்கப் பிடிக்குதாக்கும்" என்றார் விசிலக்கா.

காலையில் டாக்டரிடம் இழுத்துப்போனார். விசில் வைத்தியத்தைக் கேட்டு டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இது பலருக்கும் வருவதுதான், மெல்லத் தணிந்துவிடும், விரலை மேலே இழுப்பதும் நல்லதுதான் என்றார். இழுப்பு அடியோடு நின்ற பிறகு தானே சோதித்துப் பார்த்துத்தான் வண்டி என்றும் கறாராகச் சொல்லிவிட்டார். அதுவரை அந்த வீட்டு ஹாலிலிருந்து ராத்திரி டிரிப் தவறாமல் கிளம்பியது.

இழுப்பு நின்றது. டாக்டரும் சரி என்றார். முதல் நாள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்துக் காத்திருந்தார். விசில் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால், விசிலக்கா விசிலை வாயில் வைத்தபடி அழுதுகொண்டிருக்கிறார்.

முன்சீட்டில் இருந்த மாடிவீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஊதுங்கக்கா. ராத்திரியெல்லாம் நல்லாத்தானே ஊதுனீங்க."

பேருந்தே சிரித்தது. இரண்டு விசில் வந்தது. வண்டி பூப்போல நகர்ந்தது.