பியாட்றிஸ் அக்கா போகாத செத்தவீடு

மானிப்பாயில் எங்கள் அடுத்த வீட்டு பியாட்றிஸ் அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் றூபன் கனடாவில். பாவம், தனியாக இருக்கிறார் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிழமையில் பாதி நாள் மனுசி வீட்டிலேயே இருப்பதில்லை, தெரியுமா? கலியாணம், பெட்டைகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு, செத்தவீடு எதையும் விடமாட்டார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், கோயிலுக்குப் போகிற சைவக்காரர் என்ற பேதமும் கிடையாது. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் சேர்த்து இங்கே முகம் காட்டுவது அவர்தான்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் சறுக்கி விழுந்தார். கால் வீங்கியதோடு சரி. யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கனடாவுக்கு அறிவித்துவிட்டான். றூபன் வந்து இறங்கினான். வரும்போதே முதியோர் இல்லத்தில் ஓர் அறையும் பேசி வைத்திருந்தான்.

"இனியாவது ஓய்வா இருங்கோ அம்மா. அங்கை எல்லாத்தையும் அவையள் பாப்பினம்."

"ஓய்வெடுக்க எனக்கென்ன நோய் வருத்தமோ?" என்று கேட்டார் அக்கா.

அவன் கேட்கிற மாதிரி இல்லை. திங்கட்கிழமை கூட்டிப்போவதென்று முடிவாகிவிட்டது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு ஒருவரும் வந்து நல்லது கெட்டது சொல்லமாட்டார்கள். அந்த வீடு ஊர்க் கணக்கில் இல்லாத வீடுதான். அக்காவின் கவலை அதுதான்.

ஞாயிறு காலை சண்டிலிப்பாயிலிருந்து செய்தி வந்தது. தோட்டம் செய்கிற தியாகராசாவின் மனைவி பத்மாவதி காலமாகிவிட்டார். அக்கா வெள்ளைச் சேலையை எடுத்தார். இந்தக் காலோடு போகவே கூடாது என்று றூபன் மறித்தான்.

"அப்ப நீ போ. எங்கடை வீட்டிலையிருந்து ஒரு ஆள் போகவேணும்."

வழிகாட்ட நான் கூடப் போனேன். பந்தலுக்குள் றூபன் ஒரு கதிரையில் விறைத்துப்போய் இருந்தான். அவனுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. பியாட்றிஸ் அக்காவின் மகன் என்று நான் சொன்ன பிறகுதான் ஆட்கள் பக்கத்தில் வந்து கதைத்தார்கள்.

புறப்படும்போது அவன் தியாகராசாவின் கையைப் பிடித்து, வெகு மரியாதையாக, "போயிட்டு வாறன் ஐயா" என்றான். அட கோதாரி! செத்தவீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? பேசாமல் எழும்பி நடக்கவேண்டும். பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது.

தியாகராசா கையை விடவில்லை. "அதுக்கென்ன தம்பி. உம்மடை அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு, கனடாவிலை பேப்பர் சரிவராததாலை உமக்கு வரமுடியேல்லை. உம்மடை இடத்திலை பெட்டிக்குத் தோள் குடுத்தது நான்தான். என்ரை தாய் செத்த அண்டைக்கு முதல் ஆளாய் வந்து நிண்டவ உம்மடை அம்மா."

வீட்டுக்கு வந்ததும் றூபன் முதியோர் இல்லத்துக்குப் போன் எடுத்து, அறை வேண்டாம் என்றான். அக்கா ஒன்றும் நடக்காததுபோல் தேத்தண்ணி ஊற்றினார். ஆனால் அவனுக்கு மனம் ஆறவில்லை.

"நான் போனபிறகு நீங்கள் திரும்ப விழுந்தால் என்ன செய்யிறது அம்மா?"

"விழுந்தால் தூக்கிவிட இஞ்சை சனம் இருக்கு. நீ அங்கை விழுந்தால் ஆரடா வருவினம்?"

றூபன் பதில் சொல்ல வாயெடுத்தான். யோசித்தான். தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் யோசித்தான். ஒரு பெயரும் வரவில்லை.