ஓடை கொண்டுவந்த சீர்

குரங்கணி மலைப் பக்கம் மேகம் கட்டினால் இப்போதும் அது கலைந்து போகாதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மழை வேண்டாம் என்று சொல்ல, வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டில் பிறந்தவளுக்கு வாய் வராது. அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் சோளக்காடு மலையடியில், ஓடையை ஒட்டி இருந்தது. அந்த ஓடை கிளம்பும் இடத்தில் அம்மாவின் தம்பிக்கு ஒரு சரிவு. தாத்தாவின் நிலம், மகனுக்குப் போனது. அம்மாவை வெறுங்கையோடு அனுப்பினார்கள் என்பது எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படும் பேச்சு.

ஏலக்காய்க்கு நல்ல விலை இருந்த காலம். மாமா நிழல் மரங்களில் பாதியை வெட்டி விறகுக்கு விற்றார். புல் பூண்டையும் கொத்தி எடுத்துவிட்டு ஏலம் நட்டார். கூட்டி மெழுகிய வாசல் மாதிரி இருக்கிறது என்று அவருக்குப் பெருமை.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடைக்குக் குறுக்கே கல்லும் முள்ளும் போட்டு அணைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளம் மட்டுப்பட்டுச் சோளக்காட்டுக்குள் திரும்பும், வண்டல் படியும். அந்த வருஷம் ஓடை கறுப்பாக வந்தது. தண்ணீர் வடிந்ததும் காடு முழுக்கக் கரிய சேறு. அதில் வேரோடு ஓர் ஏலச் செடி கிடந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் கொடுத்தேன். வேரில் ஒட்டிய மண்ணை உதறாமல் அப்படியே வாங்கிக்கொண்டாள்.

"உங்க அப்பன் குடுக்காத சீர ஓடை கொண்டாந்து எறக்கிருச்சு, பாத்தியா" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து. வரப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாலைந்து நாளில் மாமா வெறும் சாக்குகளோடு இறங்கி வந்தார்.

"மச்சான், வேரு பூரா வெளிய கெடக்கு. கொஞ்சம் மண்ணு கழுதையில ஏத்திட்டுப் போறேன்."

"உன் மண்ணு எதுன்னு கூப்பிட்டுப் பாரு மாப்ளே. வந்துச்சுன்னா கூட்டிட்டுப் போ."

ரெண்டு சாக்காவது கொடுங்கள் என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அப்பா காதில் வாங்கவில்லை. மாமா சாக்குகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் மலை ஏறினார். நாங்கள் ஜெயித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அந்தப் போகம் சோளம் அப்பா உயரத்துக்கு நின்றது.

மறு வருஷம் அப்பா அணைப்பை இன்னும் உயர்த்தினார். மலையில் கொடுக்க மண் மிச்சமில்லை. கல்தான் வந்தது. உருண்டு வந்ததெல்லாம் அணைப்பில் முட்டிக் குவிந்து, மணலும் சரளையுமாக எங்கள் காட்டுக்குள் சரிந்தது. அணைப்புப் போடாத பக்கத்துக் காட்டைக் கல் ஓடையோடு கடந்து போய்விட்டது. மாமாவின் சரிவில் பாறை தெரிந்தது. அவர் மலைக்கு அந்தப்புறம் யாரோ ஒருவர் தோட்டத்தில் கூலிக்குப் போய்விட்டார்.

அப்பா கரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா பக்கத்தில் போய் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"இதுவும் எங்க வீட்டுச் சீருதான். எடுத்து உள்ள வைங்க."

சீர் என்று சொன்னால் எல்லாரும் சிரிப்பார்களே என்று நான் சத்தமாகச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அம்மாவைச் சந்தோஷப்படுத்த இன்னொரு ஏலச் செடி கிடைக்குமா என்று கல்லுக்குள் தேடினேன். போன வருஷம் செடியை வாங்கியபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சேறு தெறித்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.